எந்த சாஃப்ட்வேர் நல்லது? கேள்வியை மெஷினிலிருந்து தொடங்குவோம்

"அண்ணே, சாலிட்வொர்க்ஸ் படிக்கலாமா, ஃப்யூஷன் படிக்கலாமா? எது நல்லது?"

ராமநாதபுரம், உச்சிப்புளி, தங்கச்சிமடம் பக்கத்திலிருந்து மெக்கானிக்கல் படித்துவிட்டு வரும் தம்பிகள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். இரண்டும் கம்ப்யூட்டரில் பொருள்களை வரையும் டிசைன் சாஃப்ட்வேர்கள். மண்டபம் பக்கம் விசைப்படகுகளுக்கு உதிரி பாகங்கள் செய்யும் ஒரு பட்டறையில் வேலை பார்க்கிறேன். ப்ரொப்பல்லர் ஷாஃப்ட், ஸ்டெர்ன் டியூப் புஷ், வின்ச் சாமான்கள் என்று தினமும் ஏதாவது ஒன்று வந்து நிற்கும். ஒரு சி.என்.சி. லேத், அதாவது ப்ரோகிராம் கொடுத்தால் தானாக ஓடும் கடைசல் மெஷின், அதேபோல ஓடும் மில்லிங் மெஷினான ஒரு வி.எம்.சி. இருக்கின்றன. கம்ப்யூட்டரில் வரைவதும் நான்தான், மெஷினுக்கு ப்ரோகிராம் கொடுப்பதும் நான்தான்.

அந்தக் கேள்வியில் ஒரு தவறான எண்ணம் ஒளிந்திருக்கிறது. டிசைன் சாஃப்ட்வேர் என்று ஒன்று இருக்கிறது, அதில் அழகாக வரைந்துவிட்டால் மெஷின் அதைப் பார்த்து அப்படியே வெட்டிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். திரையில் தெரிகிற உருவத்துக்கும் கையில் கிடைக்கிற இரும்புக்கும் நடுவே மூன்று வேலைகள், இரண்டு கைமாற்றங்கள் இருக்கின்றன. பணமும் பொருளும் வீணாவது பெரும்பாலும் அந்தக் கைமாற்றங்களில்தான். சாஃப்ட்வேர் வாங்குமுன் அவற்றைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

## போட் மெயில் போன வழி

நம் ஊர்ப் பெரியவர்களுக்கு போட் மெயில் தெரியும். 1914-ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு, சென்னையில் ஏறியவர் ரயிலில் தனுஷ்கோடி வரை வருவார். அங்கே இறங்கி நீராவிக் கப்பலில் தலைமன்னார் போவார். அங்கிருந்து வேறொரு ரயிலில் கொழும்பு. டிக்கெட் ஒன்றுதான், வண்டிகள் மூன்று. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்ததோடு அந்தப் பயணம் நின்றுபோனது.

இந்தப் பயணத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் ரயில், பொருளின் உருவத்தை உருவாக்கும் மென்பொருள். அதற்குப் பெயர் கேட் (CAD). நடுவில் உள்ள கப்பல், அந்த உருவத்தை எந்த டூலால் எந்த வழியில் வெட்டுவது என்று முடிவு செய்யும் மென்பொருள். அது கேம் (CAM). கடைசி ரயில், மெஷினில் இருக்கும் கன்ட்ரோலர். அதாவது, நாம் கொடுக்கும் வரிகளைப் படித்து மோட்டார்களை ஓட்டும் பெட்டி.

இரண்டு துறைமுகங்கள் உண்டு. கேட்டிலிருந்து கேமுக்குப் போகும் இடத்தில் ஃபைல் ஃபார்மட். கேமிலிருந்து கன்ட்ரோலருக்குப் போகும் இடத்தில் போஸ்ட் ப்ராசஸர். ரயிலும் கப்பலும் எவ்வளவு நன்றாக ஓடினாலும், மூட்டை மாறிப்போவதென்றால் அது இறங்கி ஏறும் துறையில்தான் நடக்கும்.

## கேட்: உருவத்துக்குள் என்ன இருக்கிறது

ஆட்டோகேடில் கோடு போடுவது பேப்பரில் கோடு போடுவது மாதிரி. இன்றைய முப்பரிமாணக் கேட் மென்பொருள்கள் வேறு விதம். 50 மி.மீ. விட்டமுள்ள உருளை செய், முனையில் டேப்பர் (போகப்போகக் குறுகும் சரிவு) கொடு, அதில் கீவே (சாவி உட்காரும் பள்ளம்) வெட்டு என்று வரிசையாகச் சொல்கிறோம். அந்த வரிசையை மென்பொருள் நினைவில் வைத்துக்கொள்கிறது. நாளைக்கு 50-ஐ 55 ஆக்கினால், பின்னால் உள்ள எல்லாமே அதற்கேற்ப மாறும். இந்த வரிசைக்கு ஹிஸ்டரி என்று பெயர். மீன் குழம்பை ருசி பார்ப்பதற்கும் அதன் செய்முறை கையில் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். செய்முறை இருந்தால் புளியைக் குறைத்து மறுபடி வைக்கலாம்.

இந்த உருவங்களைக் கணக்குப் போட்டு உருவாக்கும் உள் எஞ்சினை கெர்னல் என்பார்கள். ஒரே கம்பெனி டீசல் எஞ்சின் வேறு வேறு படகுகளில் ஓடுவதில்லையா, அதேபோல சாலிட்வொர்க்ஸ், சாலிட் எட்ஜ், என்எக்ஸ் மூன்றுக்குள்ளும் இருப்பது பாராசாலிட் என்ற ஒரே கெர்னல்தான். இலவசமாகக் கிடைக்கும் ஃப்ரீகேடுக்குள் இருப்பது ஓபன் கேஸ்கேட். ஆட்டோடெஸ்கின் ஃப்யூஷனிலும் இன்வென்டரிலும் அவர்களுடைய சொந்தக் கெர்னல். எஞ்சின் ஒன்றாக இருக்கும் மென்பொருள்களுக்கு நடுவே உருவம் கைமாறும்போது சேதம் குறைவு. எஞ்சின் வேறானால் சில இடங்களில் பரப்புகள் பொருந்தாமல் மயிரிழை இடைவெளி விழலாம்.

இங்கே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. கேட்டில் வளைகோடு வரையும் கட்டளைக்கு ஸ்ப்லைன் என்று பெயர். அந்தப் பெயர் வந்தது கப்பல் கட்டுகிறவர்களிடமிருந்து. மெல்லிய மரச்சட்டத்தை வளைத்து, அங்கங்கே எடைக்கட்டி வைத்து நிறுத்தி, அதன் ஓரமாகக் கோடு இழுத்துத்தான் கப்பலின் வளைவை வரைவார்கள். அந்தச் சட்டத்தின் பெயரே ஸ்ப்லைன். நம் கரையில் மரப்படகு கட்டுகிற ஆசாரி, சட்டத்தை வளைத்துக் கண்ணால் நெளிவு பார்ப்பதும் அதே அறிவுதான். இந்த வளைவுகளைக் கணினிக்கு ஏற்ற கணக்காக மாற்றியவர்கள் பிரான்சில் ரெனோ கார் கம்பெனியில் இருந்த பெசியே, சிட்ரோயனில் இருந்த தெ காஸ்தல்ஜோ. படகுக் கொட்டகையில் வளர்ந்த பையனுக்கு கேட் அந்நியமான விஷயம் இல்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சரி, இதுவரை பார்த்தது: கேட் என்பது உருவமும், அந்த உருவம் உண்டான செய்முறையும் சேர்ந்தது. உள்ளே ஓடும் கெர்னல், மென்பொருளுக்கு மென்பொருள் வேறாக இருக்கலாம், ஒன்றாகவும் இருக்கலாம்.

## முதல் துறைமுகம்: உயிர்மீனும் கருவாடும்

ஒரு கேட் மென்பொருளின் சொந்த ஃபைலை இன்னொன்று பெரும்பாலும் திறக்காது, அல்லது அரைகுறையாகத் திறக்கும். அதற்காக வந்த பொது ஃபார்மட்தான் ஸ்டெப். ஐ.எஸ்.ஓ. 10303 என்ற சர்வதேசத் தரம் அது. 1994-ல் முதலில் வெளியானது. இன்றைக்கு ஏறக்குறைய எல்லா மென்பொருளும் ஸ்டெப் ஃபைலைத் திறக்கும், எழுதும்.

ஆனால் ஸ்டெப் ஃபைல் கருவாடு மாதிரி. எவ்வளவு தூரமும் போகும், எத்தனை வருஷம் கழித்தும் கெடாது. மறுபடி கடலில் நீந்தவிட முடியாது, அவ்வளவுதான். உருவம் முழுசாகப் போய்ச் சேரும், செய்முறை போகாது. அந்தப் பக்கம் திறப்பவருக்கு 'இது 50 மி.மீ. உருளை, அதில் டேப்பர்' என்ற வரிசை தெரியாது. ஒரு கட்டியான உருவம் மட்டும் தெரியும். வெட்டுவதற்கு அது போதும். மாற்றுவதற்கு முதல் ஆளிடம்தான் திரும்பிப் போகவேண்டும். அதனால் சொந்த ஃபைலை ஒருபோதும் அழிக்காதீர்கள். ஸ்டெப் இருக்கிறதே என்று நினைத்து அழித்துவிட்டு, இரண்டு வருஷம் கழித்து எல்லாவற்றையும் முதலிலிருந்து வரைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எஸ்டிஎல் என்று இன்னொரு ஃபார்மட் உண்டு. 3டி பிரின்டிங்குக்காக 1987-ல் வந்தது. அது உருவத்தைச் சின்னச் சின்ன முக்கோணங்களாக உடைத்து வைக்கும். அதில் வட்டம் வட்டமாக இருக்காது, பல பக்கங்கள் கொண்ட உருவமாகிவிடும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 50 மி.மீ. வட்டத்தை 36 பக்கங்களாக உடைத்தால், ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் உண்மையான வட்டத்தைவிட ஏறக்குறைய 0.095 மி.மீ. உள்ளே போயிருக்கும். 50 மி.மீ. ஷாஃப்டுக்கு வழக்கமாகக் கொடுக்கும் ஹெச்7 டாலரன்ஸ், அதாவது அளவில் அனுமதிக்கும் வித்தியாசம், மொத்தமே 0.025 மி.மீ. பக்கங்களைக் கூட்டினால் பிழை குறையும், ஆனால் வட்டம் வட்டமாகத் திரும்பி வராது. பிரின்ட் எடுத்துப் பார்க்கும் மாதிரிக்கு எஸ்டிஎல் சரி. மெஷினில் வெட்டுவதற்கு அதை வாங்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது.

தகடு வெட்ட மட்டும் டிஎக்ஸ்எஃப் என்ற தட்டையான வரைபட ஃபைல் பழக்கத்தில் உண்டு. அதைத் திறந்ததும் ஏதாவது ஒரு அளவை அளந்து பாருங்கள். மில்லிமீட்டரா அங்குலமா என்ற விஷயம் அதில் அடிக்கடி தொலைந்துபோகும், பொருள் 25.4 மடங்கு பெரிதாகவோ சிறிதாகவோ வந்து நிற்கும்.

இன்னொன்று. பட்டறைகளுக்கு வருகிற ஸ்டெப் ஃபைலில் பெரும்பாலும் உருவம் மட்டும்தான் இருக்கும். எந்த அளவு எவ்வளவு துல்லியமாக வரவேண்டும், எந்த உலோகம் என்பது இருக்காது. ஆகவே ஸ்டெப்போடு டிராயிங்கின் பிடிஎஃப் கண்டிப்பாகப் போகவேண்டும்.

## கேம்: எப்படி வெட்டுவது

கேம் மென்பொருளுக்கு உருவத்தைக் கொடுத்த பிறகு மூன்று விஷயம் சொல்கிறோம்: கச்சாப் பொருளின் அளவு, டூல், வேகம். அது டூல் போகவேண்டிய பாதையைக் கணக்கிடும். டூல்பாத் என்பது இதுதான்.

வேகக் கணக்கு எளிது. 1000-ஐ வெட்டு வேகத்தால் பெருக்கி, விட்டத்தின் 3.14 மடங்கால் வகுத்தால் சுழற்சி எண்ணிக்கை வரும். 50 மி.மீ. ஷாஃப்டை நிமிடத்துக்கு 100 மீட்டர் வேகத்தில் வெட்டினால் ஏறக்குறைய 637 ஆர்.பி.எம். விட்டம் பாதியாகிவிட்டால் சுழற்சி இரண்டு மடங்கு வேண்டும்.

ஆனால் கேமுக்குத் தெரியாதவை நிறைய. இரண்டு மீட்டர் நீள ஷாஃப்ட் நடுவில் அதிரும், ஸ்டெடி ரெஸ்ட் கொடுத்துத் தாங்க வேண்டும் என்று அதற்குத் தெரியாது. அதன் கணக்கில் எல்லாம் மலைபோல உறுதியானவை. திரையில் ஓடிக் காட்டும் சிமுலேஷனும் நாம் வரைந்து வைத்ததை மட்டும்தான் பார்க்கும். சக்கின் ஜாவை, அதாவது பொருளைப் பிடித்திருக்கும் தாடையை, வரையவில்லை என்றால், டூல் ஜாவில் போய் மோதினாலும் திரையில் எல்லாம் சரியாகவே தெரியும். இந்த இடத்தில் பட்டறை அனுபவத்துக்கு மாற்றே கிடையாது. லேத்தில் இருபது வருஷம் நின்ற ஆப்பரேட்டரிடம் டூல்பாத்தைக் காட்டாமல் நான் ஓட்டுவதில்லை.

## இரண்டாவது துறைமுகம்: மெஷினின் பேச்சுவழக்கு

மெஷினுக்குப் போகும் வரிகளுக்கு ஜி-கோட் என்று பெயர். எல்லா மெஷினும் ஜி-கோட் படிக்கும் என்று சொல்வார்கள். எல்லாரும் தமிழ் பேசுகிறோம் என்பது எவ்வளவு உண்மையோ அவ்வளவு உண்மை. நம் பக்கத்து முஸ்லிம் வீடுகள் பலவற்றில் 'அத்தா' என்றால் அப்பா. கொஞ்சம் தள்ளிப் போனால் 'ஆத்தா' என்றால் அம்மா. ஒரு நெடிலில் ஆளே மாறிவிடுகிறார்.

ஜி-கோடிலும் அப்படித்தான். ஃபேனக் கன்ட்ரோலர் உள்ள லேத்தில் ஜி71 என்றால் சாதாரணமாக ரஃப் டர்னிங், அதாவது தடிமனான பொருளைப் பல தடவையாகச் சீவி எடுக்கும் சுற்று. சீமென்ஸின் சைனுமெரிக் கன்ட்ரோலரின் சொந்த மொழியில் அதே ஜி71-க்கு 'இனி அளவுகள் மில்லிமீட்டரில்' என்று பொருள். எழுத்து ஒன்று, வேலை வேறு.

இந்த வித்தியாசத்தைப் பார்த்துக்கொள்வதுதான் போஸ்ட் ப்ராசஸர். கேம் கணக்கிட்ட பாதையை, குறிப்பிட்ட ஒரு கன்ட்ரோலரின் பேச்சுவழக்கில் எழுதிக் கொடுக்கும் மொழிபெயர்ப்பாளர் என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் மெஷினுக்குப் பொருத்தமான போஸ்ட் இல்லையென்றால், எத்தனை லட்சம் கொடுத்து வாங்கிய கேமும் திரையில் படம் காட்டுவதோடு நின்றுவிடும்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்ததைச் சொல்கிறேன். போஸ்ட் கொடுத்த ப்ரோகிராமில் ஒரு விட்டத்தை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது. கேமுக்குத் திரும்பிப் போக நேரமில்லை என்று மெஷினிலேயே கையால் அடித்தேன். 48 மி.மீ. வரவேண்டும், எக்ஸ்48 என்று எழுதினேன். புள்ளி வைக்கவில்லை. ஃபேனக் கன்ட்ரோலர்கள் பலவற்றில், அமைப்பைப் பொறுத்து, புள்ளி இல்லாத எண்ணை மைக்ரானாகப் படிக்கும். 48 மைக்ரான் என்றால் 0.048 மி.மீ. டூலை ஷாஃப்டின் நடு மையத்துக்கே போகச் சொல்லியிருக்கிறேன்.

நல்ல வேளை, எங்கள் ஆப்பரேட்டர் அண்ணன் மெஷினை ஒவ்வொரு வரியாக நின்று ஓடும் சிங்கிள் பிளாக்கில் வைத்து, வேகத்தையும் குறைத்திருந்தார். ஓட்டியதும் திரையில் 'இன்னும் போகவேண்டிய தூரம்' எவ்வளவு என்று பார்த்தவர், சட்டென்று நிறுத்தினார். அதற்குள் டூல் முனை பொருளில் இடித்து உடைந்துவிட்டது. திட்டவில்லை. "தம்பி, புள்ளி வெச்சியா?" என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து மெஷினில் நின்று அளவு திருத்தும் பழக்கத்தை விட்டுவிட்டேன். தவறு எங்கே பிறந்ததோ அங்கே போய்த் திருத்தி, மறுபடி போஸ்ட் செய்துதான் கொண்டுவருகிறேன்.

இப்போது முழுப் பயணமும் தெரிகிறது. கேட் உருவம் தருகிறது, ஸ்டெப் அதைச் சுமந்து போகிறது, கேம் பாதை போடுகிறது, போஸ்ட் அதை மெஷினின் மொழியில் எழுதுகிறது, கன்ட்ரோலர் வெட்டுகிறது.

## தேர்வு: கொழும்பிலிருந்து பின்னோக்கி

பெரும்பாலோர் சென்னையிலிருந்து தொடங்குகிறார்கள். எந்தக் கேட் பிரபலம் என்று பார்த்து வாங்கி, பிறகு கேம் தேடி, கடைசியில் மெஷினுக்கு முன்னால் வந்து மாட்டிக்கொள்கிறார்கள். கடைசி ரயில் எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள். எந்தக் கன்ட்ரோலர், என்ன மாடல், எத்தனை அச்சு (மெஷின் நகரும் திசைகள்)? அதற்கு ஓட்டிப் பார்த்த போஸ்ட் யாரிடம் இருக்கிறது? அந்தக் கேம்களை மட்டும் பட்டியலில் வையுங்கள். பிறகு அந்தக் கேமோடு நன்றாக ஒட்டிப்போகும் கேட் எது என்று பாருங்கள். பட்டியல் தானாகவே சுருங்கிவிடும்.

சில பட்டறைகளுக்குக் கேமே வேண்டாம் என்று நான் வெளிப்படையாகச் சொல்வேன். இரண்டு அச்சு லேத்தில் ஷாஃப்டும் புஷ்ஷும் மட்டும் ஓட்டுகிறீர்களா? தெளிவான டிராயிங், கையால் எழுதத் தெரிந்த ஜி-கோட், சரியாக எழுதிவைத்த பத்துப் பதினைந்து மாதிரி ப்ரோகிராம்கள் போதும். அந்தப் பணத்தில் நல்ல மைக்ரோமீட்டர்களும் டூல்களும் வாங்குங்கள். வி.எம்.சி. வைத்து பிளேட், பிராக்கெட், கீவே, வளைவுப் பாக்கெட் என்று வெட்டும்போதுதான் கேம் உண்மையாகச் சம்பாதித்துக் கொடுக்கும்.

கேட்டும் கேமும் ஒரே கூரைக்குள் இருப்பதா, தனித்தனியா என்பது அடுத்த கேள்வி. ஃப்யூஷன், என்எக்ஸ் போன்றவற்றில் இரண்டும் ஒன்றாக இருக்கின்றன. சாலிட்வொர்க்ஸுக்குள்ளேயே உட்கார்ந்து ஓடும் சாலிட்கேம் மாதிரி கேம்களும் உண்டு. இதன் பெரிய லாபம், கேட்டில் அளவை மாற்றினால் டூல்பாத்தும் தெரிந்துகொண்டு புதுப்பித்துக்கொள்ளும். மென்பொருள்களை ஒருங்கிணைப்பது என்று சொல்வதன் உண்மையான பொருள் இதுதான்: ஒரு இடத்தில் செய்த மாற்றம் மறுகோடி வரை போய்ச் சேரவேண்டும். முதல் துறைமுகமே இல்லாமல் போய்விடுகிறது. சொந்தமாக டிசைன் செய்து சொந்தமாக வெட்டுகிறவர்களுக்கு இதுவே நல்லது. ஊரெல்லாம் இருந்து ஸ்டெப் ஃபைல் வாங்கி ஜாப் வேலை செய்கிறவர்களுக்கு மாஸ்டர்கேம் போன்ற தனிக் கேம் பொருந்தும், ஏனென்றால் எப்படியும் கருவாடுதான் வந்து இறங்கப்போகிறது.

கையில் காசில்லாத மாணவருக்கு ஃப்ரீகேட் நல்ல தொடக்கம். 2024 நவம்பரில் அதன் 1.0 பதிப்பு வந்தது, கேம் பகுதியும் அதற்குள்ளேயே இருக்கிறது. மாணவர்களுக்கும் சொந்த உபயோகத்துக்கும் சில மென்பொருள்கள் இலவச உரிமம் தருகின்றன. அந்த உரிமத்தை வைத்துக் கூலி வேலை செய்யக்கூடாது என்பதைப் படித்துவிட்டுப் பயன்படுத்துங்கள். இன்டர்நெட் இல்லாமல் ஓடுமா என்பதையும் நம் கரையில் இருப்பவர்கள் கேட்டுத்தான் ஆகவேண்டும். புயல் நேரத்தில் கரன்ட்டும் நெட்டும் போய், திரும்பி வர எத்தனை நாளாகும் என்று நமக்குத் தெரியும்.

விற்க வருபவர் காட்டும் மாதிரியை வைத்து முடிவு செய்யாதீர்கள். நீங்கள் வழக்கமாகச் செய்யும் ஒரு ஜாப்பை எடுத்து, சோதனைப் பதிப்பில் வரைந்து, பாதை போட்டு, உங்கள் மெஷினிலேயே முதலில் பொருள் மாட்டாமல் காற்றிலும் பிறகு பொருளிலும் ஓட்டிப் பாருங்கள். அப்புறம் ஒரு அளவை மாற்றி, மறுபடி முதலிலிருந்து கடைசி வரை ஓட்டுங்கள். இரண்டாவது ஓட்டத்தில் எத்தனை இடத்தில் கை வைக்க வேண்டியிருந்தது என்று எண்ணினால், எந்த விளம்பரமும் சொல்லாத விஷயம் தெரிந்துவிடும்.

ஃபைல் பெயரும் ஒருங்கிணைப்பில் சேர்த்திதான். 'புதுசு', 'கடைசி' என்றெல்லாம் பெயர் வைக்க வேண்டாம். டிராயிங் எண், அதன் பக்கத்தில் திருத்த எழுத்து, அதாவது எத்தனையாவது திருத்தம் என்று காட்டும் எழுத்து. அதே எண் ஜி-கோடின் முதல் வரியிலும் குறிப்பாக இருக்கட்டும். மெஷினில் ஓடுவது எந்த டிராயிங் என்று ஆப்பரேட்டர் அங்கேயே படித்துத் தெரிந்துகொள்வார்.

## ஒரு ஷாஃப்ட், முழுப் பயணம்

நம் பட்டறைகளுக்குப் படகுக்காரர்கள் ஸ்டெப் ஃபைல் கொண்டுவருவதில்லை. தேய்ந்த ஷாஃப்டைத் தோளில் தூக்கி வருவார்கள். முதல் வேலை அளப்பது. ப்ரொப்பல்லர் உட்காரும் டேப்பரில் 1:10 உண்டு, 1:16 உண்டு. 100 மி.மீ. நீளத்தில் முதலாவது 10 மி.மீ. விட்டம் குறையும், இரண்டாவது 6.25 மி.மீ. தேய்ந்த துண்டில் இரண்டு இடத்தில் விட்டம் எடுத்து, அவற்றின் வித்தியாசத்தை நடுவில் உள்ள நீளத்தால் வகுத்தால் எது என்று தெரியும். அந்த விகிதத்தைக் கேட்டில் ஒரே ஒரு எண்ணாகக் கொடுப்பேன், கோணமாக ஊகித்து வரைய மாட்டேன்.

பாதை போட்டு, போஸ்ட் செய்து, வெட்டி முடித்ததும் டேப்பர் மேல் நீல மையை மெல்லியதாகத் தடவி, ப்ரொப்பல்லரை ஏற்றிக் கழற்றிப் பார்ப்போம். துளை முழுக்க நீலம் சீராக ஒட்டியிருந்தால் ஷாஃப்ட் வண்டி ஏறும். பெரிய முனையில் மட்டும் ஒட்டியிருந்தால் ஷாஃப்டின் கோணம் அதிகம். அப்போது அண்ணன் என்னைப் பார்ப்பார். நான் மெஷினுக்குப் போகாமல் கம்ப்யூட்டருக்குப் போய், கேட்டில் அந்த ஒரு எண்ணைத் திருத்தி, டூல்பாத்தைப் புதுப்பித்து, திருத்த எழுத்தை மாற்றி, மறுபடி போஸ்ட் செய்து எடுத்து வருவேன். அவர் முதல் வரியில் உள்ள எழுத்தைப் படித்துப் பார்த்துவிட்டு, சிங்கிள் பிளாக்கைப் போடுவார்.